15 ஹெச்பி மோட்டாருக்கு எந்த பிட்ச் ப்ரொபெல்லர் போடலாம்?

சாங்கிதூண்டில்:
வணக்கம் அண்ணன்மார்களே, போன மாசம் 14 அடி அலுமினிய போட் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன், யமஹா 15 ஹெச்பி ஃபோர் ஸ்ட்ரோக். நான் மட்டும் போனா நல்லா போகுது, ஆனா அப்பாவும் மச்சானும் ஏறி ஐஸ் பெட்டி, தூண்டில் சாமான் எல்லாம் வச்சுட்டா மூக்கைத் தூக்கிக்கிட்டே போகுது, தண்ணி மேல ஏறவே மாட்டேங்குது. உபின் தீவு பக்கம் போறப்ப ஜிபிஎஸ்ல 13 நாட் (மணிக்கு 13 கடல் மைல்) தான் காட்டுச்சு. ப்ரொபெல்லர்ல 9¼ x 11னு இருக்கு. கடையில ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ப்ரொபெல்லர் போட்டா ஸ்பீடு வரும்ங்கிறாங்க, வாங்கலாமா?

கடல்மணி:
தம்பி இப்போதைக்கு எதுவும் வாங்காதீங்க. ஒரு சின்ன டேக்கோமீட்டர் மாட்டி, வழக்கமா போற மூணு பேரும் சாமானும் ஏத்தி, ஃபுல் த்ராட்டில்ல ஆர்பிஎம், அதாவது மோட்டார் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துது, எவ்வளவுன்னு பாருங்க. தனியா போய்ப் பாக்குற கணக்கு உங்களுக்கு உதவாது. உங்க மோட்டாருக்கு ஃபுல் த்ராட்டில்ல 5000ல இருந்து 6000 வரணும்.

சாங்கிதூண்டில்:
பாத்தேன் அண்ணே, 4700 தான் வருது.

கடல்மணி:
அப்ப பிட்ச் அதிகம்னு தெரியுது. 9¼ங்கிறது இன்ச் கணக்குல விட்டம், 11ங்கிறது பிட்ச், அதாவது ஒரு சுத்துக்கு வழுக்காம போனா 11 இன்ச் முன்னாடி போகணும். கியர் விகிதம் 2.08, அதாவது மோட்டார் 2.08 சுத்து சுத்துனா ப்ரொபெல்லர் ஒரு சுத்து, அதனால மோட்டார் 4700 சுத்துனா ப்ரொபெல்லர் 2260 தான் சுத்தும், அப்படிப் பாத்தா 20 நாட் வரணும், உங்களுக்கு வர்றது 13. மூணுல ஒரு பங்கு வழுக்கலாவே போயிடுது, நல்லா ஏறிப் போற போட்ல 10லருந்து 20 சதவீதம் தான் போகும். இப்படி ஆர்பிஎம் வராம ஃபுல்லா முறுக்கிக்கிட்டே ஓட்டுனா, டாப் கியர்ல மேடு ஏறுற மாதிரி மோட்டார் திணறும், சூடாகும், கார்பன் படியும், நாளாக நாளாக மோட்டாருக்கே கேடு. பிட்ச் 1 இன்ச் குறைச்சா சுமாரா 150லருந்து 200 ஆர்பிஎம் ஏறும்.

புங்கோல்காத்து:
குறுக்க வர்றேன், போட்டை தண்ணியிலயே விட்டு வைக்கிறீங்களா? நம்ம ஊர் வெதுவெதுப்பான தண்ணிக்கு பார்னக்கிள், அதான் அடியில ஒட்டி வளர்ற சின்ன ஓட்டுப் பூச்சி, சீக்கிரம் ஒட்டிக்கும், அடி சொரசொரன்னு ஆனா எந்த ப்ரொபெல்லரும் இழுக்காது, மொதல்ல சுரண்டி எடுங்க. அப்புறம் ப்ரொபெல்லரைக் கழட்டிப் பாருங்க, தூண்டில் நரம்பு ஷாஃப்ட்ல சுத்தியிருந்தா ஆயில் சீலை அறுத்துடும், கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தா உள்ள தண்ணி பூந்துடுச்சுன்னு அர்த்தம். கழட்டுறதுக்கு முன்னாடி பிளக் ஒயரை எடுத்துடுங்க, தப்பித்தவறி ஸ்டார்ட் ஆயிட்டா கை போயிடும், இதை மட்டும் மறந்துடாதீங்க தம்பி.

ஸ்டெயின்லெஸ் உங்களுக்கு வேணாம்னுதான் சொல்லுவேன். தகடு மெலிசா வளையாம இருக்கறதால ஸ்பீடு கொஞ்சம் கூடும் உண்மைதான், ஆனா ஆழம் கம்மியான இடத்துல பாறையில இடிச்சா அலுமினியம்னா பிளேடு வளைஞ்சு அடியை வாங்கிக்கும், ஸ்டெயின்லெஸ்னா அந்த அடி கியர், ஷாஃப்ட் வரைக்கும் போக வாய்ப்பு அதிகம். அந்தக் காசுக்கு ரெண்டு அலுமினியம் வாங்கி ஒண்ணை ஸ்பேரா போட்ல வைங்க, கூடவே ப்ரொபெல்லர் நட்டு கழலாம பிடிக்கிற காட்டர் பின்னும் ஸ்பேனரும்.

சாங்கிதூண்டில்:
அண்ணே ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அடியைப் பாத்தா பார்னக்கிள் அப்பிக்கிடக்கு, நானும் மச்சானும் ஒரு நாள் ஃபுல்லா சுரண்டுனோம். நரம்பும் கொஞ்சம் சுத்தியிருந்துச்சு, ஆயில் நல்லாதான் இருக்கு. அதே மூணு பேரோட ஓட்டுனா இப்ப 5000 வருது.

கடல்மணி:
இன்னும் கீழ் வரம்புலதான் இருக்கு. 9 பிட்ச் போடுங்க, 5300, 5400 வரும், மூக்கும் சட்டுனு இறங்கும். ஆனா தனியா போறப்ப த்ராட்டிலை முழுசா திறக்காதீங்க, 6000த்தைத் தாண்டிடும். அந்த 11ஐ தூக்கிப் போடாதீங்க, அதுதான் உங்க ஸ்பேர்.

சாங்கிதூண்டில்:
9 மாட்டியாச்சு அண்ணே, 5400 வருது, ஜிபிஎஸ்ல 16 நாட். அப்பா ஐஸ் பெட்டி மேல உக்காந்துக்கிட்டே கட்டை விரலைத் தூக்கிக் காட்டுனாரு.