பொருள்: ‘டிராபேக்’ – தமிழ்ச்சொல் தேவை (வெள்ளிக்கிழமைக்குள்)

குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

மதுரையில் தமிழ்வழி வணிகவியல் மாணவர்களுக்குப் பன்னாட்டு வணிகம் கற்பிக்கிறேன். பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 74, 75ஆம் பிரிவுகள் பேசும் ‘டிராபேக்’தான் அது. செயற்கை ரப்பரைத் தீர்வை கட்டி இறக்குமதி செய்த ஒருவர், அதில் கால்மிதி செய்து தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்கு அனுப்பினால், மூலப்பொருளுக்கு விழுந்த தீர்வைக்காக அரசு வகுத்த விகிதத்தில் ஒரு தொகை அவருக்கு வந்து சேரும். இது 75. வாங்கிய பொருளையே, அதே பொருள்தான் என்று மெய்ப்பித்து உரிய காலத்துக்குள் திருப்பி அனுப்பினால், கட்டியதில் 98 விழுக்காடு வரை கிடைக்கும். இது 74.

ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குக் குறை என்னும் பொருளும் இருப்பதால், கணினி மொழிபெயர்ப்பு இதற்குச் ‘சுங்கக் குறைபாடு’ என்று தந்தது. சுங்கத்தில் குறைபாடே இல்லை என்று வாதிட நான் வரவில்லை. ஆனால் விடைத்தாளில் அப்படி எழுதினால் மதிப்பெண் போட முடியாது. 27ஆம் பிரிவின் ‘ரீஃபண்ட்’ இதிலிருந்து வேறானது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டுகிறேன். கட்ட வேண்டாததைக் கட்டியதால் திரும்ப வருவது ரீஃபண்ட். முறையாகக் கட்ட வேண்டியதைக் கட்டிய பிறகு, பொருள் நாட்டைவிட்டுப் போனதால் வருவது டிராபேக். ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் பாடமே குழம்பிவிடும்.

– வணிகவியல் ஆசிரியை, மதுரை

•

அம்மா, வணக்கம்.

சொல்லைத் தேடி ஏன் அலைய வேண்டும்? ‘உறுபொருளும் உல்கு பொருளும்’ என்று 756ஆம் குறள் தொடங்குகிறது. உல்கு என்பதற்குச் சுங்கம் என்றே பரிமேலழகர் உரை கூறுகிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் துறை காப்போர் ‘வைகல்தொறும் அசைவின்றி உல்கு செய’க் காண்கிறோம். நீரிலிருந்து நிலத்துக்கு ஏறும் பண்டமும் நிலத்திலிருந்து நீருக்குப் போகும் பண்டமும் அங்கே குவிகின்றன. ‘புலி பொறித்துப் புறம் போக்கி’ என்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். இறக்குமதி, ஏற்றுமதி, தீர்வை, முத்திரை ஆகிய நான்கும் ஒரே இடத்தில் நிற்கின்றன. எனவே ‘உல்கு மீட்சி’ என்க. சுங்கம் என்பது ‘சுல்க’ என்னும் வடசொல்லின் வழிவந்தது. அதைச் சுமக்க வேண்டியதில்லை.

– பணி நிறைவுபெற்ற தமிழாசிரியர், மேலூர்

•

ஐயா, தங்கள் புலமைக்கு முன் தயக்கத்துடன் எழுதுகிறேன். உல்கு என்பதே ‘சுல்க’ முதலெழுத்து இழந்த வடிவம் என்று சொல்வோர் உண்டே? ‘சகஸ்ர’ ஆயிரமானது போலவும், ‘சிராவண’ ஆவணியானது போலவும் இதுவும் ஆகியிருந்தால், சுங்கத்தை வாசலில் நிறுத்திவிட்டு அதன் உடன்பிறப்பைக் கூடத்தில் உட்கார வைத்தவர்கள் ஆவோம்.

ஆனால் சுங்கத்தின் மேல் எனக்கும் ஒரு குறை உண்டு, அது வேறு வகையானது. எங்கள் பக்கம் சுங்கம் என்றதும் மாணவர் நினைவுக்கு வருவது கப்பலூர் சுங்கச்சாவடியே தவிர, துறைமுகம் அன்று. சாலைக் கட்டணமும் இறக்குமதித் தீர்வையும் ஒரே சொல்லில் கிடப்பதால், தலைச்சொல்லாகத் ‘தீர்வை’யை வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து, ‘மீட்சி’. மீள் என்னும் தன்வினையில் பிறப்பது மீட்சி. அதன் பிறவினையில் பிறப்பது மீட்பு. ‘தீர்வை மீட்சி’ என்றால், நீக்கியிருந்த தீர்வை மறுபடி வந்துவிட்டது என்று வணிகர் அஞ்சுவார். ‘மீள்தீர்வை’ அதைவிட மோசம். மீள்பதிவு, மீள்தேர்வு போல, இரண்டாம் முறை விதிக்கும் தீர்வை என்றே பொருள்படும். ‘ஏற்றுமதித் தீர்வை மீட்பு’ என்று நீட்டினால் ஏற்றுமதிக்குக் கட்டிய தீர்வை திரும்புவதாகும். இங்கே திரும்புவதோ இறக்குமதியில் கட்டியது. ஆகவே ‘தீர்வை மீட்பு’ என்று மட்டும் இருக்கட்டும். கேட்டுப் பெறுகிறவர் இல்லாமல் இது தானாக வருவதில்லை என்பதால் பிறவினையே பொருந்தும்.

– மொழிபெயர்ப்பாளர், திருமங்கலம்

•

ஆயிரத்தைப் பற்றி எனக்கும் தெரியும். ‘சுல்க’ எங்கிருந்து வடமொழிக்குப் போனது என்று யாரும் கேட்பதில்லை. எல்லாப் பாதையும் ஒரே பக்கமாகத்தான் போகும் என்று முன்பே முடிவு செய்துவிடுகிறோம். அது போகட்டும். மீட்பு என்றால் அடகு நகை நினைவுக்கு வரவில்லையா? நகையை மீட்க நாம் பணம் கட்டுகிறோம். இங்கே பணமே அல்லவா திரும்புகிறது?

– மேலூர்

•

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் உசிலம்பட்டி. தூத்துக்குடியில் கிளியரிங் வேலை பார்க்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ‘டிராபேக் வந்துவிட்டதா?’ என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. கிளார்க்கும் லாரிக்காரரும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். ஐயா சொன்ன அடகு உவமை உண்மையில் பொருந்துகிறது என்பது என் எண்ணம்: சரக்கு கடல் தாண்டும்வரை தீர்வைப் பணம் அரசிடம் அடகில் இருப்பது போலத்தான்.

ஆனால் மொழிபெயர்ப்பாளர் கவனிக்காத ஒன்று உண்டு. ஏற்றுமதி செய்த சரக்குக்கு உரிய காலத்தில் வெளிநாட்டுப் பணம் வந்து சேராவிட்டால், கொடுத்த டிராபேக்கை அரசு திரும்ப வாங்கிவிடும். 2017ஆம் ஆண்டு விதிகளில் இதற்குத் தனி விதியே இருக்கிறது. ‘ரெக்கவரி’ என்னும் அதையும் அலுவலகத் தமிழில் மீட்பு என்றே எழுதினால், ‘தீர்வை மீட்பு மீட்பு’ என்று நோட்டீஸ் வரும். வாங்குகிறவர் தமக்குப் பணம் வருகிறது என்று மகிழ்ந்துவிடுவார். ஏன் ‘டிராபேக்’ என்றே எழுதக் கூடாது?

– தூத்துக்குடி

•

அனைவருக்கும் நன்றி. அச்சகத்தார் இரண்டு முறை அழைத்துவிட்டார்கள்; இனிக் காத்திருக்க இயலாது. ‘தீர்வை மீட்பு’ என்று எழுதி, முதல் முறை வருமிடத்தில் மட்டும் ‘டிராபேக்’கையும் சேர்க்கிறேன். ரீஃபண்டுக்குத் ‘திருப்பிச் செலுத்துகை’. அரசு திரும்ப வாங்குவதை ‘மீள வசூலித்தல்’ என்கிறேன், அங்கே மீட்பு தலைகாட்டாது. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்து, ஆதரித்தவர்கள் ஐவர். அவர்களில் இருவர் ‘ஏதாவது ஒன்று போடுங்கள்’ என்று எழுதியவர்கள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. மேலூர் ஐயா காட்டிய பட்டினப்பாலை அடிகளைப் பெட்டிச் செய்தியாக வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தின் மெய்ப்பை இத்துடன் அனுப்புகிறேன்.

– ஆசிரியை

•

அம்மா, பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன். என் கட்டுரைகளில் உல்கு மீட்சி என்றே எழுதுவேன். மெய்ப்பு பார்த்தேன். மூன்றாம் அடியில் ‘புலி பொரித்து’ என்று இருக்கிறது. சோழர் அதைச் செய்யவில்லை. வல்லின றகரம் இட்டுத் திருத்திய பிறகு அச்சுக்கு விடுங்கள்.

– மேலூர்