இவாமி ரெய்காவின் மர அச்சுப் படங்களை எப்படிப் பார்ப்பது?

கேள்வி: ஜப்பானிய மர அச்சுக் கலைஞர் இவாமி ரெய்காவின் (1927–2020) படைப்புகளில் வெள்ளைப் பகுதி வெறுமையாகவே தெரிகிறதே, எதைத் தவறவிடுகிறேன்?

பதில்: வெளிச்சத்தைத்தான்! நேர் விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் தாழ்வாக ஒன்றை வையுங்கள். மை தடவாத கட்டையில் ஈரத்தாளை அழுத்தி எடுத்த புடைப்புகள் நிழலோடு எழும்பும். ஜப்பானியர் இதைக் கராசுரி என்பார்கள்.

பதில்: கறுப்பில் ஓடும் வரிகளையும் விடாதீர்கள். கடற்கரையில் ஒதுங்கிய மரத்துண்டுகளையே அச்சுக்கட்டையாக்கியவர் அவர். அவை உளி போட்ட கோடுகள் அல்ல, மரத்தின் சொந்த ரேகைகள். அதுவே நீராக ஓடுகிறது, எவ்வளவு அழகு!

பதில்: சட்டமிட்டால் கண்ணாடி தாளைத் தொடவே கூடாது, 5 மி.மீ. இடைவெளி விடுங்கள். தொட்டால் புடைப்பு நசுங்கும், ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். ஒட்டுநாடா வேண்டாம், கறை நிற்கும். ஒட்டுவதற்கு வாஷி எனும் ஜப்பானியத் தாளின் துண்டும் மாவுப்பசையும் போதும்.