ரோட்டுக்கும் டிராக்குக்கும் ஒரே செட் டயர்: பலேனோ ஆர்எஸ்

வணக்கம். என் காருக்கு டயர் தேர்ந்தெடுப்பதில் வழி தெரியாமல் நிற்கிறேன்.

2017 மாருதி பலேனோ ஆர்எஸ், எடை 950 கிலோ. கம்பெனி டயர் அளவு 195/55 ஆர்16, அதாவது 16 அங்குல வீல். வீடு தண்டையார்பேட்டை, தினமும் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்.

பிப்ரவரியிலிருந்தே பிரச்சினை. நாலாவது சுற்றில் பிடிமானம் விட்டுப்போகிறது, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் மூக்கு நேராகவே இழுக்கிறது. முன் டயர் இரண்டிலும் வெளி ஓரம் பிய்ந்திருக்கிறது, நடுவில் பட்டன் நன்றாகவே இருக்கிறது. இத்தனை லேசான கார் இப்படித் தள்ளுவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

காற்றை 30-லிருந்து 36 பிஎஸ்ஐ வரை மாற்றிப் பார்த்தேன். ஏற்றினால் ஓரம் கொஞ்சம் தப்பிக்கிறது, ஆனால் சூடானதும் 40-ஐத் தாண்டி வழுக்குகிறது. அலைன்மென்ட் இரண்டு முறை பார்த்தாயிற்று. கேம்பர், அதாவது சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம், அதை மாற்ற இந்த சஸ்பென்ஷனில் வசதி இல்லை. கடைகளில் கேட்டால் மைலேஜ் டயரைத்தான் காட்டுகிறார்கள்.

195/55 ஆர்15-க்கு இறங்கலாம் என்றும் யோசனை. ஆனால் விட்டம் 4 சதவீதம் குறையும், வண்டி ஒன்றேகால் சென்டிமீட்டர் தாழும். நம்ம ரோட்டுப் பள்ளங்களுக்கு அது பயமாக இருக்கிறது. அப்புறம், ட்ரெட்வேர் (தேய்மான எண்; குறைந்தால் பொதுவாகப் பிடிமானம் அதிகம், ஆயுள் குறைவு) 200 டயர் போட்டால் ஐப்பசி மழையில் தேங்கும் தண்ணீரில் நிற்குமா என்ற கவலை வேறு.

இதே எடையில் கார் வைத்து டிராக் ஓட்டுபவர்கள் சொல்லுங்கள்: 16-லேயே ட்ரெட்வேர் 300 பக்கம் வாங்கட்டுமா, 15-க்கு இறங்கி 200 வாங்கட்டுமா?