புதுப்பிப்பு: மகனைக் கண்டிக்குக் கூட்டிப் போய்க் காட்டினோம்

மூனு மாசத்துக்கு முன்ன கேட்டிருந்தேன்: மூன்றரை வயசு மகன், கூப்பிட்டா திரும்புறதில்ல, விளையாட்டு லொறியைக் கவுத்துப் போட்டு சில்லை மட்டும் சுத்துறான், ஆட்டிசமா இருக்குமான்னு. "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்"னு பாதிப் பேர் சொன்னீங்க. நாங்க காத்திருக்கல.

ஹட்டன்ல விடிகாலை பஸ் ஏறினோம். முதல்ல காது டெஸ்ட். காது நல்லா கேக்குதாம் (பிஸ்கட் பக்கெட் சத்தத்துக்கு ஓடி வர்றவனாச்சே!). ஆட்டிசத்துக்கு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது; புள்ளையைப் பார்த்து, நம்மளக் கேட்டுத்தான் சொல்றாங்க. டொக்டர் தரையில உக்காந்து சவர்க்காரக் குமிழி ஊதினாங்க. நிறுத்தினதும் இவன் அவங்க முகத்தைப் பாக்கல. கையை மட்டும் இழுத்துப் போத்தல் மேல வச்சான். அதுவும் ஒரு அறிகுறியாம், உடனே எழுதிக்கிட்டாங்க. வீட்டுல இதைக் கெட்டித்தனம்னு நெனச்சிருந்தோம்.

ஆட்டிசம்தான். டொக்டர் பேசினது சிங்களம், பாதி விளங்கல. போறவங்க தமிழ் தெரிஞ்ச ஒருத்தரையும், போன்ல எடுத்த வீடியோவையும், கிளினிக் புத்தகத்தையும் கொண்டு போங்க.

மாமி, தடுப்பூசியாலதான் ஆட்டிசம் வந்துச்சுன்னு திட்டுறாங்க. அந்தச் சந்தேகத்தைக் கிளப்பின 1998 கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் வாபஸ் வாங்கிட்டது, அவங்களுக்குத்தான் இன்னும் சேதி எட்டல.

பேச்சுப் பயிற்சி அடுத்த மாசம் தொடங்குது. புள்ளக்காம்பரா (தோட்டத்துல புள்ளைங்களப் பாத்துக்கிற இடம்) அக்காகிட்டயும் சொல்லியாச்சு.