மிகுபுனைவு நாவலை நம்பும் மனம் அரூப ஓவியத்தின் முன் தயங்குவது ஏன்?

கேள்வி: நெடுவழி வாசகன்

நண்பர்களுக்கு வணக்கம். நான் பல ஆண்டுகளாக மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவல்களை விடாமல் வாசித்து வருபவன். டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்', உர்சுலா லெ குவினின் எர்த்சீ நாவல்கள் ஆகியவற்றை எந்த யதார்த்த நாவலுக்கும் குறையாத இலக்கியம் என்றே கருதுகிறேன். அவற்றைச் சிறுவர் கதை என்றும் பொழுதுபோக்கு என்றும் ஒதுக்குவோருடன் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் நவீன ஓவியம், குறிப்பாக உருவத்தை முற்றிலும் துறந்த அரூப ஓவியம், என்னைத் தன் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. இல்லாத உலகத்தை அச்சுப் பக்கத்தில் தயங்காமல் ஏற்றுக்கொள்ளும் நான், இல்லாத வடிவத்தை கான்வாஸில் ஏற்க ஏன் மறுக்கிறேன் என்பதே என் கேள்வி.

எனக்குத் தோன்றும் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். டோல்கீன் 1939-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். பச்சைச் சூரியன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம், ஆனால் அந்தச் சூரியன் நம்பத்தக்கதாக இருக்கும் ஓர் உலகத்தைப் படைப்பதற்கு உழைப்பும் சிந்தனையும் வேண்டும் என்பது அதில் அவர் முன்வைத்த முக்கியமான கருத்து. லெ குவின் 1968-இல் எழுதிய முதல் எர்த்சீ நாவலில் இதைக் கண்கூடாகக் காணலாம். மந்திரப் பள்ளியின் ஆசிரியர் ஒருவர் சாதாரணக் கூழாங்கல்லை வைரமாகத் தோன்றச் செய்கிறார். ஆனால் அது வெறும் தோற்றம்தான் என்றும், உண்மையிலேயே அதை வைரமாக்க வேண்டுமானால் அதன் மெய்ப்பெயரை மாற்ற வேண்டும், அப்படி மாற்றினால் உலகத்தின் சமநிலையே அசையும் என்றும் மாணவனுக்கு விளக்குகிறார். அந்த ஒரு காட்சியில் அவ்வுலகின் சட்டம் முழுவதும் நமக்குக் கிடைத்துவிடுகிறது. அதன் பிறகு நாவலாசிரியர் அந்தச் சட்டத்தை மீறினால் வாசகனாகிய நான் கேள்வி கேட்க முடியும்.

அரூப ஓவியத்தில் அந்தச் சட்டம் எங்கே இருக்கிறது? ஒரு சிவப்புத் திட்டை இரண்டு விரற்கடை இடப்பக்கம் நகர்த்தி வைத்தால் அது தவறு என்று யாரால் சொல்ல முடியும்? அதே உரையில் டோல்கீன், ஓவியத்தில் விநோதக் காட்சியை வரைவது மிக எளிது என்பதால் கை மனத்தை முந்திக்கொண்டு ஓடிவிடுகிறது என்றும், மிகுபுனைவைச் சொற்களிடம் விட்டுவிடுவதே நல்லது என்றும் கருதுகிறார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. ஓவியம் பயின்றவர்களும் இரண்டிலும் ஈடுபாடு உள்ளவர்களும் இதற்கு என்ன மறுமொழி தருவார்கள் என்று அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1: தூரிகைத்தடம்

உங்கள் கேள்வி நேர்மையானது. நானும் அதே நேர்மையுடன் மறுக்க விரும்புகிறேன். முதலில் டோல்கீனின் கருத்தைப் பார்ப்போம். அவர் அங்கே குறைசொல்வது டிராகனையும் பூதத்தையும் கனவுருக்களையும் வரைந்து காட்டும் ஓவியத்தை. உருவமே இல்லாத ஓவியம் அவருடைய பேச்சின் பொருள் அல்ல. ஆகவே அந்த வரியை அரூப ஓவியத்துக்கு எதிரான சாட்சியாக நிறுத்த முடியாது.

அதைவிட முக்கியமான ஒரு செய்தி உண்டு. டோல்கீன் 1911 முதலான மாணவப் பருவத்திலேயே, கண்ணால் கண்ட எதையும் குறிக்காமல் மனநிலைகளை மட்டும் கோடாகவும் வண்ணமாகவும் தீட்டிய படங்களின் வரிசை ஒன்றை வரைந்திருக்கிறார். 'முன்பு', 'தீமை', 'வளர்ந்துவிட்டமை' என்ற பொருளில் அவற்றுக்குத் தலைப்பிட்டார். ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான் ரஷ்ய ஓவியர் கான்டின்ஸ்கி மியூனிக்கில் உருவத்தைக் கைவிட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் மற்றவரைப் பார்த்து வரைந்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதை நிகழும் மத்திய பூமியைப் படைத்த அதே மனம், கதை பிறப்பதற்கு முன்பே, உருவமற்ற கோடுகளில்தான் தன்னைத் தேடிப் பார்த்திருக்கிறது. முதுமையிலும் செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டே ஓரங்களில் பின்னல் வடிவங்களையும் பூவேலைகளையும் அவர் வரைந்துகொண்டிருந்தார். அவற்றில் சில அவருடைய கற்பனை உலகத்துக்குள்ளும் இடம்பெற்றன.

இனி உங்கள் சிவப்புத் திட்டுக்கு வருகிறேன். அதை இரண்டு விரற்கடை நகர்த்தினால் யார் ஆட்சேபிப்பார் என்று கேட்டீர்கள். டச்சு அரூப ஓவியர் பியட் மோன்ட்ரியான் ஆட்சேபித்திருப்பார். அவர் நியூயார்க்கில் 1942 முதல் வரைந்துவந்த 'விக்டரி பூகி வூகி' என்ற ஓவியம் 1944 பிப்ரவரியில் அவர் இறந்தபோது முற்றுப்பெறவில்லை. இன்று அது ஹேக் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பரப்பில் வண்ணத்தோடு சேர்த்துச் சிறுசிறு ஒட்டுநாடாத் துண்டுகளும் காகிதத் துண்டுகளும் இன்றும் ஒட்டியிருக்கின்றன. ஒரு மஞ்சள் துண்டை ஒட்டுவார், தள்ளி நின்று பார்ப்பார், பிறகு அதைப் பிரித்து வேறோர் இடத்தில் ஒட்டுவார். எந்த இடமானாலும் ஒன்றுதான் என்று கருதும் ஒருவர் அந்த வேலையைச் செய்யமாட்டார். நாவலில் சட்டத்தை ஆசிரியர் ஒருவர் பேசி விளக்குகிறார். இங்கே அதைப் பேசிச் சொல்பவர் இல்லை. ஒரு சதுரம் பக்கத்துச் சதுரத்தை எப்படி இழுக்கிறது, எப்படித் தள்ளுகிறது என்பதைக் கண் தானாகவே உணர வேண்டும்.

ரஷ்ய ஓவியர் மாலெவிச்சின் 'கருப்புச் சதுரம்' என்ற ஓவியத்தைப் பற்றியும் சில வரிகள். 1915 டிசம்பரில் பெட்ரோகிராடில் நடந்த கண்காட்சியில் அதை அவர் இரண்டு சுவர்கள் சேரும் மூலையில், உயரத்தில் மாட்டினார். ரஷ்ய வீடுகளில் திருவுருவப் படம் வைக்கப்படும் இடம் அது. அச்சில் பார்க்கும்போது வெறும் கருப்புக் கட்டமாகத் தெரியும் அந்த ஓவியத்தை அணுகிப் பார்த்தால், வண்ணப் பரப்பு முழுவதும் வெடிப்பு ஓடி, வெடிப்புகளுக்கு ஊடே அடியிலுள்ள வேறு நிறங்கள் தெரிகின்றன. அதன் பக்கங்கள் சட்டகத்துக்கு இணையாக அமையவில்லை. மாஸ்கோவின் ட்ரெட்யகோவ் கலைக்கூடத்தினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் கருப்புக்குக் கீழே வண்ணம் நிறைந்த வேறு இரண்டு ஓவிய அமைப்புகள் இருப்பது தெரியவந்தது. ஆக, அந்தக் கருப்பு ஒன்றை மூடித்தான் உருவாகியிருக்கிறது.

மறுமொழி 2: கோட்டை வாசல்

தூரிகைத்தடம் ஓவியத்துக்காகப் பேசிவிட்டார். நான் மிகுபுனைவு நாவலின் பக்கத்திலிருந்தே மறுக்கிறேன். சட்டம் இருந்தால்தான் கற்பனை உலகம் நிற்கும் என்ற கொள்கையை டோல்கீனிடமிருந்து பெற்று, அதையே எல்லா மிகுபுனைவுக்கும் அளவுகோலாக்கிவிட்டோம். அதன் விளைவை இன்று பார்க்கிறோம். பல நூறு பக்கங்களுக்கு நீளும் நாவல்களில் மந்திரத்துக்கு விதிமுறைப் பட்டியல் இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, அரச வம்சாவளி இருக்கிறது; திகைப்பு மட்டும் இல்லை. வாசித்து முடித்த பிறகு ஓர் உலகத்துக்குள் போய் வந்த உணர்வைக் காட்டிலும் ஒரு விளையாட்டின் விதிகளைக் கற்றுக்கொண்ட உணர்வே எனக்கு மிஞ்சுகிறது.

ஆல்ஃபிரட் குபின் என்ற ஆஸ்திரிய ஓவியரின் 'மறுபக்கம்' நாவலை நீங்கள் வாசித்திருக்கிறீர்களா? அது 1909-இல் வெளிவந்தது. அதாவது டோல்கீனின் 'ஹாபிட்' வெளிவருவதற்கு 28 ஆண்டுகள் முன்பு. தந்தையை இழந்த பின் கோடு போடவே கை வராமல் போன ஒரு காலத்தில், வேறு வழியின்றி அவர் எழுதத் தொடங்கினார்; பன்னிரண்டு வாரங்களில் நாவலை முடித்து, அடுத்த நான்கு வாரங்களில் தாமே அதற்குப் படங்களும் வரைந்தார். மியூனிக்கைச் சேர்ந்த ஓவியர் ஒருவரை அவருடைய பள்ளித் தோழன் படேரா மத்திய ஆசியாவில் தான் நிறுவியிருக்கும் கனவு நாட்டுக்கு அழைக்கிறான். அதன் தலைநகரில் உள்ள வீடுகள் எல்லாம் ஐரோப்பாவின் பல இடங்களிலிருந்து விலைக்கு வாங்கிப் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. புதிய பொருளுக்கு அனுமதி இல்லை. வானம் எப்போதும் மூடிக்கிடக்கிறது, சூரியன் தென்படுவதே இல்லை. பிறகு அந்த நகரத்தை ஒரு தூக்கநோய் பீடிக்கிறது, விலங்குகள் தெருக்களை நிறைக்கின்றன, துணியும் மரமும் கல்லும் கையிலேயே உதிர்கின்றன. ஏன் என்பதற்கு நாவல் எந்த விதியையும் தருவதில்லை. அப்படியிருந்தும் ஒரு வரியைக்கூட நான் நம்பாமல் விடவில்லை. பக்கத்துக்குப் பக்கம் கூடிக்கொண்டே போகும் அந்தச் சாம்பல் நிறமே என்னை நம்ப வைத்தது. இந்தக் குபின்தான் 1912-இல் கான்டின்ஸ்கி, மார்க் ஆகியோரின் 'நீலக் குதிரைவீரன்' என்ற ஓவியர் குழுவோடு சேர்ந்து தம் படங்களைக் காட்சிக்கு வைத்தார். நீங்கள் எதிரெதிராக நிறுத்தும் இரண்டும் ஒரே கையிலிருந்து வந்திருக்கின்றன.

மெர்வின் பீக் மற்றோர் உதாரணம். ஓவியராகவும் நூல்களுக்குப் படம் வரைபவராகவும் வாழ்ந்த அவருடைய கோர்மென்காஸ்ட் வரிசையின் முதல் நாவல் 1946-இல் வந்தது. அதில் மந்திரம் என்று எதுவுமே இல்லை. ஒரு மாபெரும் கோட்டையும் அதன் பொருளற்ற சடங்குகளும் மட்டுமே உண்டு. அதை மிகுபுனைவாக்குவது அவருடைய கண். ஒரு படிக்கட்டின் மேல் விழும் வெளிச்சத்தை அவர் பத்தி பத்தியாக வருணிக்கும்போது, கதை நகரவில்லை என்று சலித்துக்கொள்பவர்கள் அந்த நாவலைத் தவறவிடுகிறார்கள் என்பது என் துணிபு.

மறுமொழி 3: இருபுறத்தான்

கேள்வி கேட்டவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இந்த விவாதத்தில் நவீன ஓவியம் வேறு, அதற்குப் பின் வந்த சமகாலக் கலை வேறு என்ற பாகுபாட்டைச் செய்துகொள்ள வேண்டும். 2019-இல் சுவரில் ஒட்டப்பட்ட வாழைப்பழம் ஒன்று, 2024 ஏலத்தில் 60 லட்சம் டாலருக்கு மேல் விலைபோன செய்தியைப் படித்து எரிச்சலடைந்தவர்கள், அந்த எரிச்சலைக் கொண்டுபோய் மோன்ட்ரியான் மீது இறக்கிவைக்கிறார்கள். அது முறையல்ல. அதே சமயம், பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டூஷாம்ப் 1917-இல் பீங்கான் சிறுநீர்க்கலம் ஒன்றைக் கையெழுத்திட்டுக் கண்காட்சிக்கு அனுப்பிய செயலை ஒரு கூர்மையான வாதமாக நான் மதிக்கிறேனே தவிர, பார்த்து அனுபவிக்க வேண்டிய படைப்பாக என்னால் ஏற்க முடியவில்லை. அதைப் பற்றிக் கேள்விப்பட்டாலே போதும். நேரில் பார்ப்பதால் கூடுதலாக எதுவும் கிடைப்பதில்லை. நேரில் பார்த்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் எதில் இருக்கிறதோ அதையே நான் ஓவியம் என்பேன். நல்ல நாவலைச் சுருக்கத்தில் படித்தால் போதாது என்பதும் அதனால்தான்.

கேள்வி கேட்டவர்: நெடுவழி வாசகன்

அனைவருக்கும் நன்றி. மோன்ட்ரியானின் ஒட்டுநாடாத் துண்டுகளைப் பற்றிய செய்தி என்னை மிகவும் யோசிக்க வைத்தது. குபினின் நாவலைத் தேடிப்பிடித்து வாசிப்பேன். எனினும் ஒரு விஷயத்தில் நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன். கருப்புச் சதுரத்தைப் பற்றி நண்பர் சொன்னவற்றுள் மூலையில் மாட்டியதும், அடியில் வேறு ஓவியங்கள் இருப்பதும், ஓவியத்துக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்த செய்திகள். நாவல் தன் சட்டத்தைத் தானே கற்பிக்கிறது. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நூலின் தலைப்புப் பக்கத்தில் மேலும் கீழும் ஓடும் புனைவெழுத்து வரிகளைப் பின்னிணைப்பின் உதவியோடு எழுத்தெழுத்தாகக் கூட்டி, அது ஆங்கில வாக்கியம் என்று கண்டுகொண்ட நாளின் மகிழ்ச்சியை நான் மறக்கவில்லை. அதற்கு வேண்டிய திறவுகோல் அந்த நூலுக்குள்ளேயே இருந்தது. அப்படித் தனக்குள்ளேயே திறவுகோலை வைத்திருக்கும் அரூப ஓவியம் ஒன்றை யாராவது எனக்குக் காட்ட முடியுமா?

மறுமொழி 4: ஈஞ்சம்பாக்கத்துக்காரன்

எழுத்தைப் பற்றி நீங்களே பேச்செடுத்ததால் கே.சி.எஸ். பணிக்கரின் பெயரைச் சொல்கிறேன். கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்து, 1966-இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை உருவாக்க முன்னின்றவர் அவர். 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையை வரைந்தார். சற்றுத் தொலைவிலிருந்து பார்த்தால் யாரோ பொறுமையாக எழுதிவைத்த பழைய ஏட்டுப் பக்கம் போல, ஜாதகக் கட்டம் போல, கணக்குப் பட்டியல் போலத் தோன்றும். அருகில் போனால் மலையாள எழுத்தின் சுழிப்பு இருக்கிறது, வரி இருக்கிறது, வரிகளுக்கு நடுவே மீனும் பறவையும் இருக்கின்றன. ஆனால் வாசிக்க முயன்றால் பொருள் எதுவும் கூடிவருவதில்லை.

டோல்கீனின் எழுத்தை நீங்கள் வாசித்து முடித்ததும் அது வாக்கியமாகிவிட்டது. எழுத்தின் வடிவம் பின்னுக்குப் போய்விட்டது. பணிக்கர் அந்த வாசலை அடைத்துவிடுகிறார். வாசிக்கும் கண் தோற்றுப்போன பிறகு எஞ்சுவது பார்க்கும் கண் மட்டுமே. அப்போதுதான் ஒரு வரி எங்கே நெருங்குகிறது, எங்கே தளர்கிறது, கட்டத்தின் ஒரு மூலையை ஏன் வெறுமையாக விட்டிருக்கிறார் என்பதெல்லாம் புலப்படத் தொடங்கும். இதற்குச் சுவரில் ஒட்டிய குறிப்பு எதுவும் தேவைப்படுவதில்லை. நம் அனைவருக்கும் ஏடும் ஜாதகமும் பழக்கமானவை என்பதால், அந்தப் பழக்கத்தையே அவர் திறவுகோலாக்குகிறார்.

ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. இந்த வரிசையில் ஒரே ஓர் ஓவியத்தைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். எர்த்சீயின் சட்டத்தைக் கற்பிக்க லெ குவினுக்கே ஒரு முழுக் காட்சியைக் கொடுத்தீர்கள் அல்லவா? அடுத்தடுத்துச் சில ஓவியங்களைப் பார்க்கும்போது, எந்தக் குறி திரும்ப வருகிறது, எது வேறு இடத்துக்கு நகர்கிறது என்பது தெரியவரும். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ஈஞ்சம்பாக்கத்துக்கு வந்தால், சோழமண்டலத்திலேயே சென்னை ஓவிய இயக்கத்தின் படைப்புகளுக்கென்று அருங்காட்சியகம் இருக்கிறது. காலையில் வாருங்கள், கூட்டம் இல்லாத நேரத்தில் ஒரு படத்தின் முன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம்.