20 கோடி இருந்தால் வங்கி நடத்தலாமா?

கும்பகோணம்_கேஷியர்:
பக்கத்து இழையில் பரணி எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா போக மனசு வரவில்லை. "கிளை இல்லாத டிஜிட்டல் வங்கிகளுக்கு உரிமம் கொடுக்காமல் ரிசர்வ் வங்கி நாட்டையே பின்னுக்கு இழுக்கிறது" என்கிறார். அவர் தலையில் தூக்கி வைத்து ஆடும் நிதி ஆயோக் (மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பு) அறிக்கை (ஜூலை 2022) என்ன சொல்கிறது? தொடக்கத்தில் 20 கோடி மூலதனம் போதுமாம். 20 கோடி! எளியவர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் கடன் கொடுக்கும் சிறு நிதி வங்கிக்கு 200 கோடி, முழு வங்கிக்கு 500 கோடி கேட்கிற நாடு இது. பேமெண்ட்ஸ் வங்கிக்கே 100 கோடி, அதுவும் கடன் கொடுக்கவே கூடாது என்ற கட்டுப்பாட்டோடு. ஊரான் பணத்தை வாங்கிக் கடன் கொடுப்பவனுக்கு 20 கோடியா?

ஃபின்டெக்_பரணி:
ஐயா, அறிக்கையை முழுசாகப் படித்தீர்களா? 20 கோடி என்பது சோதனைக் கட்டத்துக்கு மட்டும். அந்தக் கட்டத்தில் எத்தனை வாடிக்கையாளர், எவ்வளவு பணம் என்று வரம்பு உண்டு. அதைத் தாண்டி முழு உரிமம் வாங்க 200 கோடி. நீங்கள் சொல்லும் சிறு நிதி வங்கிக்கு உள்ள அதே தொகை. அதுவும் முதலில் சிறு தொழில்களுக்கான டிஜிட்டல் வங்கிகளுக்குத்தான் உரிமம் கொடுக்கப் பரிந்துரைத்தார்கள். ஆனால் நடந்தது என்ன? 2022 அக்டோபரில் 75 மாவட்டங்களில் 75 "டிஜிட்டல் வங்கிப் பிரிவு" திறந்தார்கள். இருக்கிற வங்கிகளுக்கே இன்னும் 75 கட்டடம். இதற்குப் பெயர் சீர்திருத்தம்!

கும்பகோணம்_கேஷியர்:
அறிக்கையில் 20 கோடி இருக்கிறதா இல்லையா? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

ஃபின்டெக்_பரணி:
இருக்கிறது. எதற்கு என்றும் சொல்லிவிட்டேன்.

கும்பகோணம்_கேஷியர்:
அப்பாடா, ஒப்புக்கொண்டார். சோதனை என்றாலும் உள்ளே இருப்பது நிஜப் பணம்தானே தம்பி? சோதனையில் தோற்றால் யார் தலையில் விடியும்?

சிங்கை_செல்வி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இங்கே சிங்கப்பூரில் நாணய ஆணையம் (எங்கள் மத்திய வங்கி) இதே வழியில்தான் போனது. கட்டுப்பாடுள்ள கட்டத்துக்கு 15 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மூலதனம். ஒருவரிடம் 75,000 வெள்ளிக்கு மேல் வைப்பு வாங்கக் கூடாது, மொத்தம் 50 மில்லியனைத் தாண்டக் கூடாது. முழு வங்கியாக இயங்க 1.5 பில்லியன் வெள்ளி. விண்ணப்பித்தவர்கள் 21 பேர். 2020 டிசம்பரில் முழு உரிமத்துக்குத் தேர்வானவர்கள் இருவர்தான்: வாடகைக் கார் செயலி கிராப்பும் தொலைபேசி நிறுவனம் சிங்டெல்லும் சேர்ந்த கூட்டணி, அப்புறம் சீ என்ற இணைய வணிக நிறுவனம். நிறுவன வாடிக்கையாளர்களுக்கான உரிமம் இன்னும் இருவருக்கு. படி வைத்து ஏற விடுவது அசட்டுத்தனம் இல்லை.

கும்பகோணம்_கேஷியர்:
நன்றி அம்மா. 15 மில்லியன் வெள்ளி என்றால் அன்றைய மதிப்பில் நம் பணம் 75 கோடிக்கு மேல். 75 எங்கே, 20 எங்கே? நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள்.

சிங்கை_செல்வி:
இல்லை ஐயா, நான் சொன்னது அது இல்லை. வரம்பைப் பற்றிச் சொன்னேன்.

ஃபின்டெக்_பரணி:
அவர் காதில் 20 தவிர வேறு எண் விழாது மேடம். யூபிஐக்குக் கட்டணம் வந்தே தீரும் என்று இதே களத்தில் சத்தியம் பண்ணியவர் இவர். வந்ததா?

கும்பகோணம்_கேஷியர்:
யூபிஐ பேச்சு இங்கே எதற்கு? ஆஸ்திரேலியாவைப் பார். ஜின்ஜா என்று ஒரு செயலி வங்கி, 2019 செப்டம்பரில் முழு உரிமம். அதிக வட்டி என்றதும் பணம் கொட்டியது. கடன் கொடுத்துச் சம்பாதிக்க வழியில்லை. 2020 டிசம்பரில் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். வோல்ட் என்று இன்னொன்று, 2022இல் அதே கதை. இந்த லட்சணத்துக்குத்தான் 20 கோடியா?

ஃபின்டெக்_பரணி:
அந்த இரண்டிலும் டெபாசிட் போட்டவர் யாராவது ஒரு காசு இழந்தாரா? எல்லாம் திருப்பித் தரப்பட்டது. கட்டுப்பாடு வேலை செய்ததற்கு அது சாட்சி. கிளை இருந்தால் வங்கி கவிழாதா? கரூரில் பிறந்த லக்ஷ்மி விலாஸ் வங்கிக்கு 500 கிளைக்கு மேல் இருந்ததே!

கரூர்_ராசு:
லக்ஷ்மி விலாஸை ஏன்யா இழுக்கிறீங்க? 1926ல எங்க ஊர் வியாபாரிங்க சேர்ந்து ஆரம்பிச்சது. 2020 நவம்பர்ல 25,000க்கு மேல எடுக்க முடியாதுன்னு பூட்டிட்டு, பத்தே நாள்ல சிங்கப்பூர் டிபிஎஸ் வங்கி கையில கொடுத்தாங்க. பங்கு வெச்சிருந்தவனுக்குக் காலணா கிடைக்கலை. அதைப் பத்தி ஒரு இழை உண்டா இந்தக் களத்துல?

கும்பகோணம்_கேஷியர்:
ராசு, பங்குதாரர் வேறு, டெபாசிட்தாரர் வேறு. டெபாசிட் போட்டவர்களுக்கு முழுப் பணமும் வந்தது.

கரூர்_ராசு:
பங்கு வாங்கினவன் மனுசன் இல்லியா?

ஃபின்டெக்_பரணி:
இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அதை எடுத்துக்கொண்ட டிபிஎஸ், 2016லேயே இந்தியாவில் கைப்பேசியை வைத்தே "டிஜிபேங்க்" தொடங்கிய வங்கி. 94 வயது வங்கியைத் தாங்கிப் பிடித்தது யார் என்று பாருங்கள்.

கும்பகோணம்_கேஷியர்:
அது முழு வங்கி உரிமத்தின் கீழ் நடந்தது. 20 கோடியில் இல்லை.

சேலம்_தறிக்காரர்:
சார், நான் பத்து தறி வெச்சிருக்கேன். பொங்கலுக்கு முன்னாடி நூல் வாங்க 3 லட்சம் வேணும்னு ஒரு வங்கிக்குப் போனேன். ஜிஎஸ்டி கணக்கு, யூபிஐ வரவு எல்லாம் கைப்பேசிலயே காட்டினேன். பட்டா கொண்டா, வில்லங்கம் போட்டுக் கொண்டான்னு அலைய விட்டு, சீசன் முடிஞ்ச பிறகு "பார்க்கலாம்"னாங்க. கடைசில கந்து வட்டிதான். இந்த டிஜிட்டல் வங்கி வந்தா எனக்குக் கடன் கிடைக்குமா? அதைச் சொல்லுங்க.

ஃபின்டெக்_பரணி:
அண்ணே, உங்களுக்காகத்தான் நான் இவ்வளவு கத்துகிறேன். உங்கள் ஜிஎஸ்டி கணக்கையும் பணப் புழக்கத்தையும் பார்த்து அடமானம் இல்லாமல் கடன் கொடுக்கலாம் என்பதுதான் அந்த அறிக்கையின் அடிப்படையே.

கும்பகோணம்_கேஷியர்:
தறிக்காரர் மேல் எனக்கும் அக்கறை உண்டு. கடன் கொடுக்க வங்கி உரிமம் எதற்கு? வங்கி அல்லாத நிதி நிறுவனம் கொடுக்கலாமே. செயலிக் கடனுக்கு 2022இலேயே ரிசர்வ் வங்கி விதி போட்டாயிற்று. இவர்கள் குறி தறிக்காரர் மேல் இல்லை, என் போன்றவர்களின் டெபாசிட் மேல். நான் கவுன்டரில் உட்கார்ந்த காலத்தில் ஒரு பாட்டி பென்ஷன் வாங்க வருவார். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து விரல் ரேகையே விழாது. மெஷின் மூன்று தரம் மறுக்கும். மேனேஜர் எழுந்து வந்து பாட்டியின் முகத்தைப் பார்த்து, கையெழுத்துப் போட்டுப் பணம் கொடுப்பார். செயலியில் அந்த மேனேஜர் எங்கே? பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கி புது டெபாசிட் வாங்க 2024 ஜனவரி 31இல் ரிசர்வ் வங்கியின் தடை வந்தபோது, இருந்த பணத்தை எடுக்கலாம் என்று சொல்லியும் ஜனம் எப்படிப் பதறியது? நேரில் போய்க் கேட்கப் பக்கத்தில் ஒரு கிளை இல்லை.

ஃபின்டெக்_பரணி:
பாட்டியைக் கட்டாயமாகச் செயலிக்கு யார் கூப்பிட்டார்கள்? கிளை வங்கி மட்டும் உத்தமமா? அதே 2024 ஏப்ரலில் கோட்டக் மஹிந்திரா வங்கி இணையம் வழியாகப் புது வாடிக்கையாளர் சேர்க்கத் தடை. கிளை இருந்து என்ன, கணினி அமைப்பில் குறை.
உரிமம் இல்லாமல் நடப்பதுதான் ஆபத்து. அமெரிக்காவில் செயலிகளுக்கும் வங்கிகளுக்கும் நடுவே இருந்த சினாப்ஸ் என்ற இடைத்தரகு நிறுவனம் 2024 ஏப்ரலில் திவால். செயலியில் ஒரு கணக்கு, வங்கியில் ஒரு கணக்கு, இரண்டும் ஒத்துப்போகவில்லை. 65 முதல் 96 மில்லியன் டாலர் வரை துண்டு. வங்கி கவிழாததால் டெபாசிட் காப்பீடும் கை கொடுக்கவில்லை. இங்கேயும் ஜூபிட்டர் செயலியில் கணக்கு என்று நீங்கள் திறப்பது ஃபெடரல் வங்கிக் கணக்குத்தான். செயலியை நேரடியாக ரிசர்வ் வங்கியின் பிடியில் கொண்டுவா என்கிறேன். இது தப்பா?

கும்பகோணம்_கேஷியர்:
பிடியில் வர வழி இருக்கிறதே. ஸ்லைஸ் என்ற கடன் செயலி நிறுவனம் 2024இல் குவாஹாட்டியின் நார்த் ஈஸ்ட் சிறு நிதி வங்கியோடு இணைந்து வந்தது. வரட்டும், இருக்கிற விதிக்குள் வரட்டும்.

ஃபின்டெக்_பரணி:
சேலத்துத் தறிக்குக் கடன் கொடுக்கக் குவாஹாட்டியில் வங்கி தேடிப் போக வேண்டுமா? நல்ல நியாயம்.

மட்டுறுத்துநர்:
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். லக்ஷ்மி விலாஸ் பற்றித் தனி இழை தொடங்குங்கள்.

கரூர்_ராசு:
தொடங்கினா பூட்டிடுவீங்க. போன தடவையும் அப்படித்தான்.

சேலம்_தறிக்காரர்:
அப்போ எனக்குக் கடன் கிடைக்குமா கிடைக்காதா சார்?

கும்பகோணம்_கேஷியர்:
பரணியிடம் கேளுங்கள். 20 கோடி வங்கியில் உங்கள் மாதிரி எத்தனை பேருக்கு 3 லட்சம் கொடுக்க முடியும் என்று அவரே கணக்குப் போட்டுக் காட்டட்டும்.

ஃபின்டெக்_பரணி:
200 கோடி ஐயா. 200.