உயிரெச்சத் தொல்லியல்: ஒரு சொல் முன்மொழிவு

அன்புள்ள ஐயா, வணக்கம்.

அகழாய்வில் கிடைக்கும் எலும்பு, பல், விதை, மரம், மகரந்தம் ஆகியவற்றைக் கொண்டு முன்னோர் வாழ்வை அறியும் துறைக்குத் தாங்கள் முன்வைத்த ‘தொல்லுயிரியல்’ செவிக்கு இனிய சொல்லே. ஆயினும் அது புதைபடிவங்களை ஆராயும் துறைக்கு முன்பே வேரூன்றிவிட்டதால், டைனோசரும் தாழிக்குள் கிடந்த நெல்லும் ஒரே பெயரில் கலந்துவிடும்.

இத்துறையின் ஆங்கிலப் பெயராகிய பயோஆர்க்கியாலஜி என்பதை 1972இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் கிரகாம் கிளார்க் விலங்கெலும்பு ஆய்வுக்கு ஆண்டார். 1977இல் அமெரிக்க மானிடவியலாளர் ஜேன் பியூக்ஸ்ட்ரா அதை மனித எலும்பு ஆய்வுக்கு உரியதாக்கினார். அமெரிக்காவில் அக்குறுகிய பொருளே நிலைத்தது. பிரிட்டனில் அது தாவரத்தையும் தழுவும்.

பாலக்காட்டுச் சித்தூரில் வாழும் எனக்கு விரிந்த பொருளே ஏற்புடையது. கேரளத்துச் செம்புரை மண் அமிலத்தன்மை மிக்கது, எலும்பை அரித்துவிடும். எறணாகுளம் மாவட்டத்தில் பட்டணம் என்னும் ஊரில் 2007இல் தொடங்கிய அகழாய்வில், ஈரச் சேற்றில் அழியாமல் கிடந்த, ஒற்றை அயினி மரத்தில் குடைந்த ஏறத்தாழ 6 மீட்டர் நீள ஓடமும், தேக்குக் கட்டுத்தறிகளும், மிளகும் அல்லவா பழைய துறைமுகத்தின் கதையைச் சொல்லின? மலைக்கு அப்பால், பழநியை அடுத்த பொருந்தலில் ஈமச்சின்னத்துச் சாடிக்குள் ஏறத்தாழ 2 கிலோ நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. எலும்பை மட்டும் சுட்டும் சொல்லில் இவற்றுக்கு இடமில்லை.

ஆகவே ‘உயிரெச்சத் தொல்லியல்’ என்பதை முன்மொழிகிறேன். அறுப்புக்குப் பின் தாள் எரித்த சாம்பலை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்தால், மண் அடியில் தங்க, கரிந்த நெல் மிதந்து வரும். அகழாய்வாளரும் இவ்வாறே மிதக்கவிட்டு, நுண்ணிய சல்லடையில் விதைகளைப் பிரிக்கிறார்கள். கரிந்துபோனதாலேயே மக்காமல் தப்பிய அந்த நெல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் உமியின் வரி தெரியும், அழுத்தினால் பொடியாகும். அதற்கு எச்சம் என்பதைவிடப் பொருந்தும் பெயர் எனக்குத் தெரியவில்லை. இங்கே பிள்ளைகள் பள்ளியில் பழம்பொருளை மலையாளத்தில் ‘புராவஸ்து’ என்று படிக்கிறார்கள். விளைந்ததும் உண்டதும் வெறும் வஸ்து ஆகா, சொல்லில் உயிர் இருந்தாக வேண்டும்.

புதைபடிவத்தைத் ‘தொல்லுயிர் எச்சம்’ என்கிறோமே என்று கேட்பீர்கள். அங்கே ‘தொல்’ உயிரைத் தழுவுகிறது. இங்கே துறையின் பெயராகிய தொல்லியல் இறுதியில் நிற்பதால் மயக்கம் நேராது. உட்பிரிவுகளும் தாவர எச்சத் தொல்லியல், விலங்கெச்சத் தொல்லியல், மனித எச்சத் தொல்லியல் எனத் தாமே அமையும்.

பொருந்தல் நெல்லைப் பற்றி மாணவர்க்கு எழுதிவரும் கட்டுரையில் இச்சொல்லையே ஆண்டிருக்கிறேன். அச்சுக்குப் போகுமுன் தங்கள் மறுப்பைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.